நேப்பியர் பாலம் முதல் நீலாங்கரை வரை: எங்கே மிதிப்பது, எங்கே இறங்கி நடப்பது?

கலங்கரை_21

வணக்கம். மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு, சென்னைக் கரையோரத்தை வடக்கிலிருந்து தெற்காகப் பார்க்கத் திட்டம். இரண்டு பேர். ஒருவருக்கு 700x38 டயர் போட்ட ஹைப்ரிட் சைக்கிள், இன்னொருவர் நடை. வரைபடத்தில் கரை கோடு போட்டதுபோல் நேராக இருக்கிறது. கடலைப் பார்த்தபடியே கடைசி வரை போய்விட முடியுமா? சைக்கிளுக்கும் நடைக்கும் ஒரே வழிதானா? காலை எத்தனை மணிக்குத் தொடங்குவது? ராயபுரத்திலிருந்தா, மெரினாவிலிருந்தா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காற்று

கரை நேர்தான், பாதை நேர் இல்லை. மூன்று இடத்தில் அறுந்து போகும். வடக்கே துறைமுகம்: ராஜாஜி சாலையில் போகும்போது கடல் மதிலுக்கு அந்தப் பக்கம், கண்ணிலேயே படாது. நடுவில் அடையாறு முகத்துவாரம்: கடக்கப் பாலம் இல்லை. தெற்கே பெசன்ட் நகருக்கும் திருவான்மியூருக்கும் இடையில் மணல் தொடர்கிறது, கரையோரச் சாலை தொடரவில்லை. அதனால் சைக்கிளுக்கு ஒரு வழி, நடைக்கு வேறு வழி. ஒன்றாகவே போவோம் என்று அடம்பிடித்தால் இரண்டு பேருக்குமே கெடும். துண்டு துண்டாகப் பிரித்து, சந்திக்கும் இடங்களை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தோராயமான தூரம்:

நேப்பியர் பாலம் (மெரினாவின் வடகோடி) – கலங்கரை விளக்கம்: 3 கி.மீ.
கலங்கரை விளக்கம் – பட்டினப்பாக்கம், லூப் ரோடு வழியாக: 2 கி.மீ. சொச்சம்
பட்டினப்பாக்கம் – எலியட்ஸ் கடற்கரை (பெசன்ட் நகர்), சாலை வழியாக: 6 கி.மீ.
எலியட்ஸ் – திருவான்மியூர்: சாலையில் 3, மணலில் இரண்டரை
திருவான்மியூர் – நீலாங்கரை: 5 கி.மீ.

மொத்தம் 19, 20 கி.மீ. ஹைப்ரிட்டில் நிற்காமல் மிதித்தால் ஒன்றரை மணி நேரம். நின்று பார்த்தால் மூன்று மணி நேரம் பிடிக்கும். முழுவதும் நடப்பது வேண்டாம். நடப்பவருக்கு நேப்பியர் முதல் பட்டினப்பாக்கம் வரை ஒரு துண்டு, எலியட்ஸ் முதல் திருவான்மியூர் வரை இன்னொரு துண்டு போதும். நடுவில் ஆட்டோ.

மெரினா துண்டில் மூன்று தடம் இருக்கிறது: காமராஜர் சாலை, அதற்குக் கிழக்கே சர்வீஸ் ரோடு, இரண்டுக்கும் பக்கத்தில் நடைபாதை. நடைபாதையில் சைக்கிள் ஓட்டாதீர்கள். காலை ஐந்தரைக்கே நடப்பவர்கள் நிறைந்துவிடுவார்கள், போலீஸும் இறக்கி விடும். சர்வீஸ் ரோடுதான் சைக்கிளுக்கு. ஆறரைக்குள் கடந்துவிட்டால் கார்கள் வந்து அடைக்கும் முன் தப்பிக்கலாம். அங்கே கவனிக்க வேண்டியது கண்ணாடித் துண்டு. முந்தைய இரவுக் குப்பை கூட்டி முடியும் வரை ஓரமாகப் போகாமல் நடுவாகவே போவது டயருக்கு நல்லது.

வடசென்னைக்காரன்

எல்லாரும் மெரினாவோட ஆரம்பிச்சிடறீங்க. கரையோரம்னா காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் கணக்குல வராதா? 1856-ல திறந்த ராயபுரம் ஸ்டேஷன் இருக்கு, தென்னிந்தியாவோட முதல் ரயில் கிளம்பின இடம். காசிமேட்டுல விடியறதுக்கு முன்னாடி நடக்கிற மீன் ஏலம் மெரினாவுல கிடைக்குமா?

ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன். சைக்கிளுக்கு எண்ணூர் நெடுஞ்சாலை சுலபமில்ல. துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிக்கும், நகரும், மறுபடி நிக்கும். நிக்கிற லாரிக்கும் ஓரத்துக்கும் நடுவுல புகுந்து போற வேலையே வேண்டாம். டிரைவருக்கு இடது பக்கம் கீழ இருக்கிற சைக்கிள் தெரியவே தெரியாது. லாரிக்குப் பின்னாடி நின்னு, அது நகர்ந்தப்புறம் போங்க. ரோட்டுல இரும்புத் துணுக்கு, அறுந்த டயர் கம்பி நிறைய கிடக்கும். பஞ்சர் கிட் இல்லாம வராதீங்க.

உப்புக்காற்று

வடசென்னைக்காரன் சொல்வது நியாயம். ஆனால் மார்ச் ஞாயிறு ஒரே காலைக்குள் இரண்டையும் திணித்தால் எதுவும் உருப்படாது. வடக்கைத் தனி நாளாக வையுங்கள். காசிமேட்டுக்கு வார நாள் நல்லது. ஞாயிறு காலை மீன் வாங்க நகரமே அங்கே திரளும், சைக்கிளை உருட்டக்கூட இடம் இராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஏலமும் மெலிந்திருக்கும். அதற்கு முன் போய்விடுங்கள்.

இன்னொன்று. வடக்கையும் தெற்கையும் பார்த்தால்தான் இந்தக் கரையின் கதை பிடிபடும். வங்கக் கடலோரத்தில் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் துறைமுகத்துக்குக் கட்டிய அலைதடுப்புச் சுவர் அந்த மணலை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இன்றைய அகலமான மெரினா ஆனது. வடக்கே மணல் வரத்து நின்று கரை அரித்துப்போய், ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை பாறாங்கல் கொட்டிக் காக்க வேண்டி வந்தது. ஒரு பக்கம் கடலைத் தொட 300 மீட்டர் மணலில் நடக்க வேண்டும், மறுபக்கம் அலை சாலையோரக் கல்லில் மோதுகிறது. காரணம் ஒரே சுவர்.

அடையாறு_வாசி

முகத்துவாரத்தைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். புதிதாக வருபவர்கள் தவறுவது இங்கேதான்.

கைப்பேசி வரைபடத்தில் பட்டினப்பாக்கம், சீனிவாசபுரத்துக்குத் தெற்கே ஆற்றின் மேல் ஒரு கோடு தெரியும். அது உடைந்த பாலம். 1967-இல் கட்டியது, 1977 வெள்ளத்தில் நடுப்பகுதி போய்விட்டது. மீனவர்கள் நடந்து கடக்கக் கட்டிய ஒடுக்கமான பாலம்தான். இன்று அதில் கடக்க முடியாது. கைப்பிடிச் சுவர் பல இடத்தில் இல்லை, தளம் அரித்திருக்கிறது. படம் எடுக்கவென்று விளிம்பு வரை போகிறவர்களைப் பார்த்து நீங்களும் போகாதீர்கள்.

வெயில் காலத்தில் முகத்துவாரத்தில் மணல்மேடு ஏறி, ஆறு கிட்டத்தட்ட அடைபட்டதுபோல் தெரியும். "இவ்வளவுதானே, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம்" என்று தோன்றும். வேண்டாம். மேல் மணலுக்கு அடியில் சேறு, கால் முழங்கால் வரை இறங்கும். மேட்டை அறுத்துக்கொண்டு ஓடும் கால்வாய் இன்று ஓர் இடம், நாளை ஓர் இடம். வற்றும் நேரத்தில் ஆற்று நீர் கடலுக்குள் இழுக்கும் வேகம் பார்வைக்குத் தெரியாது. போதாததற்கு அது கழிவுநீர்.

சைக்கிளுக்கான சரியான வழி: ஃபோர்ஷோர் எஸ்டேட்டிலிருந்து மேற்கே வந்து சாந்தோம் நெடுஞ்சாலையின் தென்கோடி, எம்.ஆர்.சி. நகர், துர்காபாய் தேஷ்முக் சாலை, திரு.வி.க. பாலம். பாலத்தில் இடது ஓரமாகப் போய், இறங்கியதும் இடப்பக்கம் பெசன்ட் அவென்யூ. தியசாபிகல் சொசைட்டி மதிலை ஒட்டிய மரநிழல் சாலை. அப்படியே போனால் பெசன்ட் நகர். கஷ்டமான இடம் பாலம் இறங்கியவுடன் வரும் அடையாறு சந்திப்புதான். பேருந்துகள் நேராகவும் வலப்பக்கமும் பிரியும் இடம். பின்னால் வருபவர்களுக்குக் கையை நீட்டிக் காட்டி, பாலத்தின் மேலேயே இடது தடத்தைப் பிடித்துவிடுங்கள். இறங்கிய பிறகு மாறப் பார்த்தால் பேருந்துக்கு முன்னால் வெட்டுவதாகிவிடும். மெட்ரோ வேலையால் இந்தப் பகுதியில் தடுப்புகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். முந்தைய நாள் போக்குவரத்துக் காவல்துறை அறிவிப்பை ஒரு முறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கலங்கரை_21

மிக்க நன்றி, உடைந்த பாலத்தை வழி என்றே நினைத்திருந்தோம். லூப் ரோடு பற்றிச் சொல்லுங்கள். காலையில் மீன் கடைகளால் போக முடியாது என்கிறார்களே?

நொச்சிக்குப்பம்_நண்டு

அது பழைய கதைங்க. ரோட்டு மேல இருந்த மீன் கடைகள் விவகாரம் 2023-ல ஐகோர்ட் வரைக்கும் போச்சு. 2024-ல நொச்சிக்குப்பத்துல மீன் அங்காடி திறந்தாங்க. இப்போ வியாபாரம் பெரும்பாலும் அங்க. ஆனா ரோடு காலியா இருக்கும்னு நினைக்காதீங்க. சாந்தோம் நெடுஞ்சாலையில நெரிசல் வந்தா வண்டியெல்லாம் இங்கதான் திரும்பி வரும். ஏழு மணிக்கு முன்னாடி நிம்மதி. எட்டரைக்கு மேல மீன் வாங்க வர்ற ஸ்கூட்டருங்க சொல்லாம கொள்ளாம நிக்கும், திரும்பும்.

சைக்கிள்ல வர்றவங்களுக்குச் சில விஷயம். ரோட்டுல ஐஸ் தண்ணியும் மீன் கழுவின தண்ணியும் ஓடும். செதிலும் கொழுப்பும் கலந்த தண்ணி, பிரேக் பிடிச்சா வழுக்கிட்டுப் போகும். அந்த இடத்துல ஹேண்டிலைத் திருப்பாம, பிரேக்கைத் தொடாம, நேரா உருண்டு போயிடணும். மணல்ல இறங்கினா விரிச்சுக் காயப்போட்ட வலை மேல சக்கரம் ஏத்தக் கூடாது. கண்ணி அறுந்துச்சுன்னா ஒரு ஆள் அரை நாள் உட்கார்ந்து கட்டணும். படகை டிராக்டர் வச்சுக் கரையேத்தறப்போ கயிறு விறைச்சு நிக்கும். அதைத் தாண்டாதீங்க, கீழ குனிஞ்சும் போகாதீங்க. சுத்திட்டுப் போங்க. போட்டோ எடுக்கணும்னா ஒரு வார்த்தை கேளுங்க, யாரும் மாட்டேன்னு சொல்லமாட்டாங்க.

மிதி_மீனா

எல்லோரும் இடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். காற்றைப் பற்றி யாராவது சொல்ல வேண்டாமா? 20 கி.மீ. கரையோரத்தில் சிரமமா சுகமா என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை: அதிகாலையில் காற்று ஏறக்குறைய இல்லை, இருந்தாலும் நிலத்திலிருந்து மெல்ல வரும். வெயில் ஏறி நிலம் சூடானதும் கடற்காற்று உள்ளே நுழையும். மார்ச், ஏப்ரலில் பெரும்பாலும் நண்பகலை ஒட்டி. ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் இரண்டு மூன்று மணி வரைகூடத் தள்ளிப்போகும், சில நாள் வராமலே போய்விடும். வரும்போது தென்கிழக்கிலிருந்து வரும். ஆக, பிற்பகலில் மெரினாவிலிருந்து தெற்கே மிதித்தால் எதிர்க்காற்று. வடக்கே திரும்பினால் முதுகில் கை வைத்துத் தள்ளும். மாலை சவாரிக்கு வருபவர்கள் திருவான்மியூரில் தொடங்கி வடக்கே போவது புத்திசாலித்தனம்.

அக்டோபர் முதல் ஜனவரி வரை: வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து. அப்போது தலைகீழ். தெற்கே போவது சுகம், திரும்பி வருவது பாடு. சக்தி இருக்கும்போது வடக்கே போய்விட்டுத் திரும்பி வாருங்கள்.

மார்ச் காலை என்றால் காற்றுக் கவலை வேண்டாம். வெயில்தான். ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். சூரிய உதயம் சென்னையில் ஜூன் தொடக்கத்தில் 5:42, ஜனவரிக் கடைசியில் 6:36 வாக்கில். மார்ச் நடுவில் ஆறேகால். உதயத்துக்கு அரை மணி முன் நேப்பியர் பாலத்தில் இருந்தால் போதும். அந்த வெளிச்சத்தில் முன் விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், அதில் ஒன்றில் உப்பும் சர்க்கரையும்.

சங்கிலி_சுந்தர்

700x38-க்கு 70 கிலோ ஆள் என்றால் டயர் காற்றழுத்தம் 50 முதல் 55 பி.எஸ்.ஐ. போதும், பின் சக்கரத்துக்கு ஐந்து கூட்டலாம். கடையில் கம்ப்ரஸர் வைத்து 80 ஏற்றிக்கொண்டு வருபவர்கள் நிறைய. லூப் ரோட்டின் மேடுபள்ளத்தில் கை மரத்துப்போகும், சாலையில் சிதறிய மணலில் முன் சக்கரம் நழுவும். சாலை மேல் ஒரு விரல் கனத்துக்கு மணல் கிடந்தால் வளைவில் பிரேக் பிடிக்காதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சைக்கிளை நிமிர்த்திப் பிடித்துப் போங்கள்.

பஞ்சர் காரணங்கள் இங்கே மூன்று: சர்வீஸ் ரோட்டில் கண்ணாடி, காலி மனை ஓரம் சீமைக்கருவேல முள், திருவான்மியூருக்குத் தெற்கே மணற்பாங்கான ஓரங்களில் நெருஞ்சி. முள் குத்தினால் உடனே பிடுங்காமல் முதலில் டயரில் அந்த இடத்தைப் பேனாவால் குறியுங்கள். பிறகு டியூபை உருவி, டயரின் உள்பக்கம் விரலைத் துணியில் சுற்றித் தடவிப் பாருங்கள். ஒரு முள்ளை எடுத்துவிட்டு இரண்டாவதைக் கவனிக்காமல் புது டியூபையும் ஓட்டையாக்குவதுதான் வழக்கமான கூத்து. மாற்று டியூப் ஒன்று, டயர் லீவர் இரண்டு, பேட்ச், சொல்யூஷன், கைப் பம்ப். வால்வு (காற்று ஏற்றும் முனை) மெல்லிய பிரெஸ்டாவா, மோட்டார் பைக்கில் வருவது போன்ற ஷ்ராடரா என்று முதலிலேயே பாருங்கள். தெருவோரப் பஞ்சர் கடையில் பிரெஸ்டாவுக்கு அடாப்டர் கிடைக்காது.

சவாரிக்குப் பிறகு செய்ய வேண்டியது இதைவிட முக்கியம். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், காய்ந்தது போல் தெரிந்தாலும் காயாது. அன்றைக்கே நல்ல தண்ணீர் அரை வாளி, மக்கில் மேலிருந்து ஊற்றிக் கழுவுங்கள். சங்கிலியைத் துணியால் ஓட்டித் துடைத்து, நிழலில் காய வைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிடம் கழித்து மேலே இருப்பதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது கண்ணிக்குள். மேலே வழிந்து நிற்பது மணலைப் பிடித்து அரைக்கும் பசைதான். டபிள்யூ.டி. 40 அடித்துவிட்டு "எண்ணெய் போட்டாச்சு" என்பது கணக்கில் சேராது. அது துருவை இளக்கும், கழுவும், உராய்வுக்கு நிற்காது.

ஈசிஆர்_எருமை

சர்வீஸ் சென்டர்ல பைக் கழுவுற பிரஷர் வாட்டர்ல அடிச்சா ரெண்டு நிமிஷத்துல மணல் மொத்தமும் போயிடுமே. எதுக்கு மக்கு வாளி?

சங்கிலி_சுந்தர்

மணல் போகாதுங்க, இடம் மாறும். வெளியில் ஒட்டியிருந்ததை அந்த அழுத்தம் சக்கர நடுவிலுள்ள ஹப்புக்குள்ளும் பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டுக்குள்ளும் ரப்பர் சீலைத் தாண்டித் தள்ளிவிடும், கூடவே தண்ணீரும் போகும். அங்கிருக்கும் கிரீஸ் கழுவிப்போய், இரண்டு மூன்று வாரத்தில் கிராங்க் சுற்றும்போது கரகர சத்தம் வரும். கார்ட்ரிட்ஜ் பேரிங் என்றால் மாற்ற வேண்டியதுதான். பழைய கோப்பை, குண்டு வகை என்றால் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்துக் கட்டலாம்.

கரையோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னும் சில. சீட் போஸ்ட்டை மாதம் ஒரு முறை உருவி கிரீஸ் தடவிப் போடுங்கள். அலுமினிய போஸ்ட், இரும்புக் குழாய், நடுவில் உப்புத் தண்ணீர்: இரண்டு உலோகமும் கடித்துக்கொண்டு ஒன்றாகிவிடும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஆரக்கம்பி ஸ்டெயின்லெஸ், அதை விளிம்பில் இறுக்கும் நிப்பிள் பித்தளை என்று கேட்டு வாங்குங்கள். அலுமினிய நிப்பிள் இந்தக் காற்றில் உள்ளுக்குள் வெள்ளைப் பொடியாகப் பூத்து, ஒரு நாள் சொல்லாமல் தலை முறியும். டிஸ்க் பிரேக் இருந்தால் எண்ணெய் ஸ்ப்ரே எதையும் சக்கரத்துக்குப் பக்கத்தில் அடிக்காதீர்கள்.

ஈசிஆர்_எருமை

சரி, ஒத்துக்கறேன். அப்போ ஃபேட் டயர் சைக்கிள் எடுத்துட்டு எலியட்ஸ்லேர்ந்து திருவான்மியூர் வரைக்கும் மணல்லயே போயிடலாமே? சாலைச் சுத்தே வேண்டாம்.

ஆமைக்காவலன்

டயரில் காற்றை 6, 8 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் ஈர மணலில் உருளும், உண்மைதான். ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்த யோசனையைத் தள்ளி வையுங்கள். நீலாங்கரை முதல் மெரினா வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரை இது. அலை எட்டாத மேட்டு மணலில் குழி தோண்டி ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் இட்டு மூடிவிட்டுப் போகும். 45 முதல் 60 நாள் வரை மணலுக்குள் கிடக்கும். மேலே எந்த அடையாளமும் தெரியாது. சக்கரம் ஏறினால் மணல் இறுகும், குஞ்சு மேலே வர முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர், தெரியாமல் செய்தேன் என்பது எடுபடாது.

நடப்பவர்களுக்குத் தடை இல்லை. அலை நனைத்துவிட்டுப் போகும் இறுகிய மணலில் நடங்கள், அது கால்களுக்கும் நல்லது. ஈர மணலில் மணிக்கு நாலரை கி.மீ. போகலாம், மேட்டுப் பொதிமணலில் மூன்றைத் தாண்டாது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இரவில் நடந்தால் டார்ச், கைப்பேசி வெளிச்சம் வேண்டாம். கடலில் தெரியும் மெல்லிய வெளிச்சத்தை நோக்கித்தான் குஞ்சு போகும், கரையில் வெளிச்சம் இருந்தால் சாலைப் பக்கம் திரும்பிவிடும். ஆமையையே பார்க்க ஆசை என்றால், 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இந்தப் பருவத்தில் இரவு நடை போகிறது. பெசன்ட் நகரில் குஞ்சு பொரிப்பகம் வைத்திருக்கிறார்கள். வார இறுதி நடையில் பொதுமக்களும் சேரலாம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கி.மீ. மணல், விடியும் வரை. செருப்பில்லாமல் நடந்து பழகியவர்களுக்கே கால் கடுக்கும்.

கலங்கரை_21, உங்கள் நண்பருக்கு எலியட்ஸ் – திருவான்மியூர்த் துண்டு மிக நல்ல தேர்வு. கார்ல் ஷ்மிட் நினைவு வளைவில் தொடங்கட்டும். 1930-இல் நீரில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் இறந்த டென்மார்க்காரருக்கு எழுப்பியது. அஷ்டலட்சுமி கோயில், ஓடைக்குப்பம் தாண்டித் தெற்கே போனால் கூட்டம் சட்டென்று குறையும். ஓடைக்குப்பத்தில் கால்வாய் கடலில் சேரும் இடத்தில் மட்டும் மேலேறிச் சுற்றிக்கொள்ளட்டும். மழைக்காலத்தில் அங்கே இடுப்பளவு பள்ளம் விழும்.

ஈசிஆர்_எருமை

புரிஞ்சுது. சைக்கிள் சாலையிலயே வரட்டும்.

திருவான்மியூருக்குத் தெற்கே நான் சொல்றேன். பெசன்ட் நகர்லேர்ந்து கலாக்ஷேத்ரா சாலை வழியா வந்து வால்மீகி நகர் சீவார்ட் ரோடுகள்ல நுழையுங்க. அமைதியான இடம், கடைசியில மணல். அதுக்கப்புறம் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை மூணுலயும் ஒரே அமைப்பு: கிழக்குக் கடற்கரைச் சாலை, அதாவது ஈசிஆர்லேர்ந்து கிழக்கே பிரியற தெரு ஒவ்வொண்ணும் கடல்ல முட்டி நிக்கும், ஒண்ணுக்கொண்ணு உள்ளாலயே இணைப்பு கிடையாது. இருக்குன்னு வரைபடம் காட்டினாலும் பாதி இடத்துல கேட் போட்டிருப்பாங்க. அதனால ஈசிஆர்ல கொஞ்சம், தெருவுல இறங்கிக் கடல் பார்த்துட்டு மறுபடி ஈசிஆர். ரெண்டு மூணு தெரு பார்த்தா போதும், எல்லாம் ஒரே மாதிரிதான்.

ஈசிஆர்ல ஞாயிறு காலை அஞ்சரை முதல் ஏழு வரைக்கும் சைக்கிள் கூட்டம் போகும். மகாபலிபுரம் போற ரேஸ் சைக்கிள்காரங்க மணிக்கு 30, 35-ல வரிசையா வருவாங்க. அவங்க வரிசைக்குள்ள மாட்டிக்காம இடது ஓரத்துல ஒரே கோட்டுல போங்க. சாலை அகலப்படுத்தற வேலை நடக்கிற இடத்துல தார் விளிம்பு நாலு விரக்கடை இறங்கியிருக்கும். அந்த விளிம்புல சக்கரத்தைச் சாய்வா ஏத்தினா விழறது நிச்சயம். நின்னு தூக்கி வையுங்க.

மெரினா_மாமி

எங்க வீட்டுப் பெரியவருக்குச் சக்கர நாற்காலி. இந்தப் பட்டியல்ல அவருக்கு ஏதாவது இருக்கா?

உப்புக்காற்று

இருக்கிறது மாமி. விவேகானந்தர் இல்லம் எதிரே மணலின் குறுக்கே மரப்பாதை போட்டிருக்கிறார்கள், 2022 நவம்பரில் திறந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் கடைசிப் பகுதி சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். நாற்காலியிலேயே அலைக்குப் பக்கம் வரை போகலாம். காலை ஏழுக்குள் போங்கள். பிறகு அது நடப்பவர்களுக்கும் படம் எடுப்பவர்களுக்கும் பாதையாகிவிடும். காற்றில் மணல் பலகை மேல் ஏறிக் கிடந்தால் முன் சிறு சக்கரங்கள் புதையும். நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் வருமாறு பின்னோக்கி இழுங்கள்.

பெரியவருக்குப் பார்க்க அந்தப் பக்கம் நிறைய உண்டு. விவேகானந்தர் இல்லமே 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியதுதான். வடக்கே உழைப்பாளர் சிலை, 1959-இல் வைத்தது, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. சாலையோரம் வள்ளுவர், ஔவை, கண்ணகி, பாரதி வரிசை 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எழுந்தவை. நடுவில் கண்ணகி 2001-இல் போய் 2006-இல் திரும்பி வந்த அரசியல் எல்லோருக்கும் தெரிந்ததே.

கலங்கரை_21

கடலில் இறங்கலாமா? முடித்ததும் ஒரு குளியல் என்று யோசனை.

ஊரூர்_அலை

இறங்க வேண்டாம். மெரினாவிலும் எலியட்ஸிலும் தரை சட்டென்று சரியும், நாலு எட்டில் கழுத்தளவு. அலை கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் மணல்திட்டு உடைந்த இடம் வழியாக ஒரே ஓட்டமாகத் திரும்பிப் போகும். அந்த இடத்தில் அலை உடையாது, அதனாலேயே அமைதியாகத் தெரியும், புதியவர்கள் அங்கேயே இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி முட்டி மோதாமல் கரைக்கு இணையாக நீந்தி இழுப்பைத் தாண்ட வேண்டும். நீச்சல்குளத்தில் மட்டும் பழகியவர்களுக்கு இது கைவராது. கரையோரம் வடக்கே ஓடும் தெண்டி நீரோட்டம் பலமாக இருக்கும் நாளில் கணுக்காலில் நிற்பவரைக்கூட நகர்த்தும். மீனவர்கள் படகு இறக்கவில்லை என்றால் நீங்களும் காலை நனைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மணலில் நீல நிறத்தில் ஊதிய பை போல ஏதாவது ஒதுங்கியிருந்தால் தொடாதீர்கள், செத்திருந்தாலும் கொட்டும். பட்டுவிட்டால் தேய்க்காமல், கடல் நீரால் கழுவி, இழைகளை அட்டை விளிம்பால் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் இருபது நிமிடம். மூச்சு இறுகினால் நேராக மருத்துவமனை.

மிதி_மீனா

எல்லாவற்றையும் வைத்து ஓர் அட்டவணை போட்டால்:

5:45 இருவரும் நேப்பியர் பாலம். நடப்பவர் சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கினால் பாலத்துக்குப் பக்கத்து அண்ணா சதுக்கம் பத்துப் பதினைந்து நிமிட நடை, ஆனால் அந்நேரத்தில் ரயில் இடைவெளி அதிகம், ஆட்டோ நம்பிக்கை.
7:15 பட்டினப்பாக்கம். சைக்கிள்காரர் மெரினா மணலில் உதயம் பார்த்து, மீன் அங்காடியில் நின்று வந்தாலும் நேரம் சரியாக இருக்கும்.
7:20 நடப்பவர் ஆட்டோவில் எலியட்ஸ், சைக்கிள்காரர் திரு.வி.க. பாலம் வழியாக. இருவரும் 7:50-க்கு எலியட்ஸ். பெசன்ட் நகரில் இட்லி, காப்பி.
8:15 ஒருவர் மணலில், ஒருவர் சாலையில். 9 மணிக்குள் வால்மீகி நகர்.

நீலாங்கரையை அடுத்த முறைக்கு வையுங்கள். ஒன்பதுக்கு மேல் மார்ச் வெயிலில் ஈசிஆர் மிதிப்பதில் ஒரு புண்ணியமும் இல்லை. திரும்ப நடப்பவருக்குத் திருவான்மியூர் ரயில் நிலையம், கடற்கரையிலிருந்து இரண்டு கி.மீ. வருமென்பதால் ஆட்டோ.

நொச்சிக்குப்பம்_நண்டு

அட்டவணை சரி. ஒண்ணு மட்டும் சேர்த்துக்குங்க: ஜனவரியில குடியரசு தின ஒத்திகை நாட்கள், காணும் பொங்கல், விநாயகர் சிலை கரைக்கிற நாட்கள். இதுல எதுலயும் காமராஜர் சாலை, லூப் ரோடு, பட்டினப்பாக்கம் பக்கம் சைக்கிளோட வராதீங்க. மார்ச்சுல அந்தத் தொல்லை இல்ல. மீன் வாங்கறதா இருந்தா ஏழு மணிக்கு வாங்காதீங்க, மூணு மணி நேரம் பையில வச்சுட்டு வெயில்ல சுத்தணும். அங்காடியில விலை கேட்டு வச்சுக்கிட்டு, வேற நாள் ஐஸ் பெட்டியோட வாங்க.

கலங்கரை_21

எல்லோருக்கும் நன்றி. நீலாங்கரை தள்ளி வைக்கப்பட்டது, மாற்று டியூப் பிரெஸ்டா வாங்கியாகிவிட்டது. வடசென்னைக்காரன், காசிமேட்டுக்கு ஏப்ரல் 15-க்கு முன் ஒரு வியாழக்கிழமை பார்க்கிறோம். சைக்கிளை எங்கே பூட்டி வைப்பது?

வடசென்னைக்காரன்

மீன்பிடித் துறைமுகத்துக்குள்ள கொண்டு வராதீங்க, தண்ணியும் தள்ளுவண்டியும்தான் இருக்கும். ராயபுரம் ஸ்டேஷன் பக்கம் கம்பியில யூ பூட்டு போட்டு, முன் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டிட்டு, ஆட்டோ பிடிச்சு வாங்க. நாலரைக்கு இருக்கணும். ரப்பர் செருப்பு வேண்டாம், வழுக்கும். பிடிப்பு இருக்கிற பழைய ஷூ போட்டுட்டு வாங்க.